சாக்குச் செருப்பு

வைட்டமின் ஏ மருந்தோடு வந்த நர்ஸ் அமலி இந்த முறையும் ஓடைக்கரையிலேயே நின்றுவிட்டாள். "செருப்பு நனைஞ்சா வீணாயிடும். வேணுங்கறவங்க பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க!" என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினாள். தாய்மார் எல்லாரும் செங்கல் சூளையில் இருந்தார்கள்.

அவள் காலில் இருந்த வலது செருப்புக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "பொழுது சாஞ்சா அந்தப் பிள்ளைங்களுக்குக் கண்ணு தெரியலை. இவ ஓடையைத் தாண்டாததுக்குச் சாக்கு நானா? என் வாரை நானே அறுத்துக்கறேன்!"

"அறுந்தா குப்பைக்குத்தான் போவே," என்றது இடது.

"போறேன், போ!"

அமலி ஓர் அடி எடுத்து வைத்ததும் வலது செருப்பு ஒரு கல்லில் மாட்டிக்கொண்டு முறுக்கியது. வார் அறுந்தது. "இனி நனைஞ்சா என்ன!" என்று அமலி எரிச்சலோடு இரண்டையும் உதறிவிட்டு வெறுங்காலுடன் ஓடையில் இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில், மருந்து ஸ்பூனை நக்கிவிட்டு, 'இன்னும் குடு' என்று அக்கரையில் ஒரு குழந்தை அழுதது.

"கேட்டுச்சா?" என்றது அறுந்த செருப்பு.