ரிமினிக்குப் போகிற பிள்ளைகளுக்கு

அது 2004ஆம் ஆண்டுக் கோடை. இத்தாலியின் ரிமினிக் கடற்கரைக்குத் தேனிலவு போகவிருந்த கீர்த்தனனையும் ஹம்சத்வனியையும் ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டா பகுதியிலுள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, குகதாசன் சித்தப்பா பாடமே நடத்தினார்.

“நீச்சல் உடுப்போடை கடைத்தெருவுக்குப் போகாதேங்கோ. தேவாலயத்துக்குள்ளை தோளை மூடுங்கோ. பால்கோப்பி காலமை மட்டும்தான் குடிக்கிறது.”

அங்கே பஸ் ஓட்டும் சித்தப்பா ஒரு விடுமுறைக்கும் வெளிநாடு போனதில்லை. கீர்த்தனனுக்குச் சிரிப்பு வந்தது.

“கறுப்புக் கண்ணாடி விக்கிறவங்கள் வந்தால் கையாலை கலைக்காதேங்கோ. முகத்தைப் பாத்து, சிரிச்சு, வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

“இவ்வளவும் தெரியுதே மாமா, அங்கை எந்த ஹோட்டலிலை நிண்டனீங்கள்?” என்று கேட்டாள் ஹம்சத்வனி.

“ஹோட்டலோ? அந்த மணலிலை ரண்டு கோடை கண்ணாடி வித்தனான், பிள்ளை.”

கீர்த்தனனின் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பாதான் சிரித்தார்.

“எல்லாரும் ஈ கலைக்கிற மாதிரிக் கையை வீசுவினம். ஒரு வெள்ளைக்கார அம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் சிரிச்சுக்கொண்டு வேண்டாமெண்டு சொல்லுவா. கடைசி நாள், எந்த நாடெண்டு அவவைக் கேட்டன்.”

“எந்த நாடாம்?”

“நோர்வே. லண்டனுக்குப் போக வெளிக்கிட்டு நிண்ட நான், இஞ்சை வந்து சேந்தன்.”