பத்து நொடிச் சம்மதம்

இரண்டு வரிகளும் அச்சு அசலாக ஒன்று.

கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில், ஒன்றின் கீழ் ஒன்றாக, வரிக்கு அறுபத்து நான்கு எழுத்து. அவள் விரல் வைத்துப் பார்த்தாள். பிசகில்லை.

"அப்பாடா" என்று அருஞ்சுனை மெமரி கார்டுக்குக் கையை நீட்டினார். அவள் எடிட்டிங் பார்க்கும் ஸ்டுடியோவின் கேமராக்காரர். ஆறு மணிக்குச் சாத்தூரில் வரவேற்பு. இன்னொரு கார்டு காலையிலேயே மண்டையைப் போட்டுவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். இதைத் துடைத்தால்தான் அடுத்த கல்யாணம் ஏறும்.

துடைத்துவிட்டால் காலை முகூர்த்தம் டிஸ்க்கில் உள்ள நகலில் மட்டும்தான். கட்டின தாலியைக் கழற்றி இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் இந்தக் கட்டளை. ஃபைலைத் தலை முதல் வால் வரை படித்து ஒரு வரி சொல்லும். கார்டில் உள்ளதற்கு ஒன்று, நகலுக்கு ஒன்று. நகலில் ஒரு புள்ளி பிசகினாலும் வரி மொத்தமும் வேறாகிவிடும்.

வேறாகவில்லை.

ஆனாலும் அவள் கார்டைக் கொடுக்கவில்லை.

"என்ன தாயி, அதான் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிருச்சுல்ல?"

முதல் வரி வர மூன்று நிமிடம். இரண்டாவது, பத்தே நொடி.

அவள் விருதுநகர் மிளகாய் வற்றல் தரகர் வீட்டுப் பெண். சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறவனுக்கு அந்த வீட்டில் காபி கொடுப்பார்கள். சரக்குக் கொடுக்க மாட்டார்கள்.

தான் அடித்த கட்டளையைத் திரும்பப் படித்தாள்.

மேல் அம்பைத் தட்டினால் பழைய கட்டளை அப்படியே வரும். அதில் கார்டின் பெயரை எடுத்துவிட்டு டிஸ்க்கின் பெயரைப் போட வேண்டும். போடப் போன நேரத்தில்தான் தம்பி போனில் வந்தான்.

"அக்கா, உனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்ல நாம சொன்ன எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க! நீ ஒரு வார்த்தை சொன்னா தட்டு மாத்திரலாம்."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே எண்டரைத் தட்டியிருந்தாள்.

கார்டையே இரண்டு தடவை படித்திருக்கிறது. இப்போதுதான் படித்த பாடம். கம்ப்யூட்டர் பத்து நொடியில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டது. ஒரே மூட்டையை இரண்டு தராசில் நிறுத்தால் எடை ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

பெயரை மாற்றினாள்.

மூன்று நிமிடம். அருஞ்சுனை ஏழு முறை மணி பார்த்தார்.

வேறு வரி. முதல் எழுத்திலிருந்தே வேறு.

டிஸ்க்கில் இருந்ததை ஓட்டினாள். கெட்டிமேளம். அட்சதை பறந்தது. மாப்பிள்ளை தாலியோடு குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. அட்சதையும் அந்தரத்திலேயே நின்றது.

"அண்ணே, மண்டபத்துல நகல் ஏறி முடியுறதுக்குள்ள டிஸ்க்கை உருவிட்டீங்களா?"

அருஞ்சுனை மின்விசிறியைப் பார்த்தார்.

"கடைசிப் பந்தின்னு கூப்பிட்டுட்டாங்க தாயி."

பார்வையை இறக்காமலே, "பால் பாயசம்" என்றார்.

கார்டிலிருந்து மறுபடி நகல் எடுத்தாள். கம்ப்யூட்டர் மனப்பாடத்தை மறக்கட்டும் என்று டிஸ்க்கை முறைப்படி கழற்றி, திரும்பச் செருகினாள். கட்டளையில் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்று நிமிடம், நிதானமாக.

ஒன்றேதான்.

ஓட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு நிமிர்ந்தார். அருஞ்சுனை தன்னை மறந்து கை தட்டினார்.

"இந்தாங்க கார்டு. சாத்தூர்ல சாப்பிட்டு முடிச்சுட்டே நகல் எடுங்க."

அவர் படியிறங்கிய பிறகு போனை நிமிர்த்தித் தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, தட்டு மாத்திரலாமா?"

"நாம கேட்டதுக்குச் சரின்னாங்கள்ல, எவ்வளவு நேரத்துல சொன்னாங்க?"

தம்பி யோசித்தான்.

"கேட்டு முடிக்கிறதுக்குள்ள."

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"மாப்பிள்ளை நம்பரை அனுப்பு. நானே பேசுறேன்" என்றாள். "கொஞ்சம் நேரமாகும்."