கொறிச்சானுக்குப் புரியாத கணக்கு

புளியமரப் பொந்தில் ஓர் அம்மா அணில் தன் பிள்ளைகள் இருவருக்கும் வகுத்தல் சொல்லிக்கொடுத்தாள். மூன்று இலைகளை விரித்து, பன்னிரண்டு கடலைகளை ஒவ்வொன்றாகப் பங்கு வைத்தாள்.

"பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் எத்தனை?"

"நாலு" என்றாள் மூத்தவள் பூவரசி.

"கெட்டிக்காரி. இனி உனக்குக் கடலை வேண்டாம். மனக்கணக்கே போதும்."

இளையவன் கொறிச்சான் தலையைச் சொறிந்தான். "எனக்குப் புரியலம்மா."

"சரி, இந்தக் கடலையை வச்சு நீயே போட்டுப் பாரு" என்று அம்மா விட்டுப்போனாள். திரும்பி வந்தபோது தோல்தான் கிடந்தது. கணக்கு மட்டும் இன்னும் புரியவில்லை என்றான்.

தினமும் இதே கதை. மழைக்காலத்துக்குச் சேர்த்த கடலை பாதியாகிவிட்டது. கொறிச்சானுக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

அம்மாவுக்குக் கவலை தாங்கவில்லை. பூவரசியை அழைத்தாள். "நீயாவது தம்பிக்குப் புரியவை. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் எத்தனை?"

பூவரசி தம்பியின் தொப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மறந்துபோச்சும்மா" என்றாள். "கடலை வச்சுக் காட்டினா ஞாபகம் வரும்."