லாண்டரி அக்கா கையெழுத்து போடல

பேப்பர் அண்ணன் குழிக்குள்ள கிடந்தார். சைக்கிள் மேல, அவர் கீழ. பின் சக்கரம் மட்டும் இன்னும் சுத்திக்கிட்டிருந்துச்சு.

காலையில அஞ்சே முக்கால், சரியா விடியக்கூட இல்ல. சத்தம் கேட்டு முதல்ல ஓடினது நான்தான். அன்னிக்குப் போட வேண்டிய பேப்பரெல்லாம் சேத்துத் தண்ணியில மிதக்குது. 

நாலு பேர் சேந்து தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எட்டு மணிக்கு போன் வந்துச்சு. போயிட்டார்.

வந்துச்சு பாருங்க எனக்கு ஒரு கோவம்! தண்ணிக் குழாய் பதிக்கிறேன்னு அஞ்சு நாளா தெருவைத் தோண்டிப் போட்டிருக்காங்க. ஒரு விளக்கு இல்ல, ஒரு கயிறு இல்ல, ஒரு எச்சரிக்கைப் பலகை இல்ல!

குழாய் வேலை பாக்குற மேஸ்திரி ஒண்ணும் தெரியாம வேலைக்கு வந்தார். சுத்தி வளைச்சுட்டோம்.

"பலகை வெச்சிருந்தேன் சார். சத்தியமா வெச்சேன். நானே என் கையால பெயிண்ட்ல எழுதினது."

"எங்க அது? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

நான்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

"நேத்து பூரா இதே வழியாத்தான் போனேன், வந்தேன். நேத்து ஒரு பலகையும் இல்ல. எந்த கோர்ட்ல வேணா வந்து சொல்றேன்!"னு நானே அடிச்சுச் சொன்னேன்.

யாரோ மேஸ்திரியை ஓங்கி ஒரு அறை விட்டாங்க. அவர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, "வெச்சேன் சார், வெச்சேன் சார்"னு சொல்லிக்கிட்டே போலீஸ் வண்டியில ஏறினார்.

அதோட விட்டுட முடியுமா? குடிமகன்னா ஒரு கடமை இருக்கு இல்ல? ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு மனு எழுத உக்காந்துட்டேன். 'எச்சரிக்கைப் பலகை வைக்காமல் ஓர் உயிரைப் பறித்தவருக்குக் கடும் தண்டனை வழங்க வேண்டும்.'

வாசப்படியில ஸ்கூட்டர் ஏத்துறதுக்குப் போட்டிருந்த பலகையைத் தூக்கினேன். சேறு அப்பின பக்கம் அடியில போற மாதிரி ரெண்டு ஸ்டூல் மேல போட்டு, மனுவை விரிச்சு, பேனாவை நூல்ல கட்டித் தொங்க விட்டாச்சு. தெருவே வரிசையில நின்னுச்சு!

எதிர் வீட்டு ஹெட்கிளார்க் மாமா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் படிச்சார். "நல்லா எழுதியிருக்கேடா. 'கடும்'ங்கிறதை மட்டும் 'மிகக் கடும்'னு மாத்து."

மாத்தினேன்.

சாயங்காலத்துக்குள்ள இருநூத்திப் பதினாலு கையெழுத்து. குழிக்கு நேர் எதிர்ல லாண்டரிக் கடை வெச்சிருக்கிற அக்கா மட்டும் வரல. பேப்பர் அண்ணன் தினமும் முதல் பேப்பர் போடுறது அவங்க கடையிலதான். அவங்களே வரலன்னா எப்படி? நானே மனுவை எடுத்துக்கிட்டுப் போனேன்.

"அக்கா, கையெழுத்து."

"வேணாம் தம்பி."

"ஏன்க்கா?"

"வேணாம்னா விடேன்." இஸ்திரிப் பெட்டியை விட்டு நிமிரவே இல்ல.

பின்னாடியே வந்த மாமா விடுவாரா? "மேஸ்திரி சட்டையெல்லாம் இங்கதான் வெளுக்க வருது போல. வாடிக்கையாளரை விட்டுக் குடுக்க முடியுமா?"

எனக்குத் தாங்கல. "போனது ஒரு உயிர் அக்கா! குழி உங்க கண்ணு முன்னாடிதான இருந்துச்சு? பாத்துக்கிட்டே சும்மா இருந்தவங்களும் குத்தவாளிதான், தெரியும்ல?"

"தெரியும்"னாங்க. அவ்வளவுதான்.

ஆறு மணிக்குக் கூட்டம் கலைஞ்சுது. நான் பேனாவை அவுத்துக்கிட்டிருந்தேன். அக்கா கடையைப் பூட்டிட்டு வந்தாங்க. கையில ஒரு ஈரத் துணி.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயாச்சு. இப்பவாவது கையெழுத்து போடுவீங்களா?"

"மேஸ்திரி பலகை வெச்சார் தம்பி. காத்தடிச்சா விழும், நான்தான் போய் நிமித்தி வெப்பேன். முந்தாநேத்து மழையில குப்புற விழுந்து கிடந்துச்சு. நான் போறதுக்குள்ள ஒருத்தர் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"என்னது! பாத்தீங்களா?"

"பாத்தேன். அவசரத்துக்கு எடுத்திருப்பாங்க, மழை விட்டதும் வெச்சிருவாங்கன்னு இருந்தேன். நேத்தே போய்க் கேட்டிருக்கணும். கூச்சமா இருந்துச்சு, கேக்கல." அக்கா குழிப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. "கேட்டிருந்தா அவர் இன்னிக்கு எனக்கு பேப்பர் போட்டிருப்பார். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இதுல கையெழுத்து போடுறது?"

"அதை விடுங்கக்கா! எடுத்தது யாரு? பேரைச் சொல்லுங்க, இப்பவே மனுவுல சேத்துடுறேன்!"

பேனாவைத் திறந்தே வெச்சிருந்தேன்.

அக்கா பேர் சொல்லல. மனுவை எடுத்து நாலா மடிச்சு என் சட்டைப் பையில வெச்சாங்க. ஸ்டூல் மேல இருந்த பலகையைத் திருப்பிப் போட்டாங்க. ஈரத் துணியால துடைக்க ஆரம்பிச்சாங்க.

சேறு போகப் போக, சிவப்பு பெயிண்ட்ல கோணலும் மாணலுமா ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு.

'குழி இருக்கு. பாத்துப் போங்க.'

"எல்லார் முன்னாடியும் சொல்ல மனசு வரல தம்பி. அந்த முனையைப் பிடி. ஸ்டேஷனுக்கு நானும் வரேன்."

ஏங்க, உங்க வீட்டு வாசல்ல கிடக்குற பலகையை எப்பவாச்சும் திருப்பிப் பாத்திருக்கீங்களா?