லூசியா காட்டிய நகரம்

கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு தையல் ஃபக்டரியின் சாப்பாட்டு மேசையில் வரைபடம் ஒன்று விரிந்து கிடக்கிறது. பனிக்காலத்து மத்தியான வெயில் அதன் மடிப்புகளில் வழிகிறது. தவமலர் அடுத்த கிழமை சாவோ பாவுலோவுக்குப் போகிறாள். கனடாவுக்கு வரும் வழியில், கூட்டிவந்த ஏஜென்ட் கைவிட்ட தம்பி ஜனார்த்தன் ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறான். அவன் ஏதோ காட்டுக்குள் தனித்துப்போனான் என்றே இவள் அழுதிருக்கிறாள். அந்த நகரத்தில் பிறந்த லூசியா, பக்கத்து மெஷின்காரி, நூல் ஒட்டிய விரலால் தெருத்தெருவாகக் காட்டி ஆங்கிலத்தில் சொல்கிறாள்: "இது யப்பான்காரரின் தெரு, விளக்குத் தூணெல்லாம் சிவப்பு. இங்கே இத்தாலிக்காரர். இந்தச் சந்தையில் லெபனான்காரரின் கடைகள். வாசலிலேயே மாம்பழ வாசம் பிடித்து இழுக்கும்."

"எங்கட ஸ்காபரோ மாதிரியோ?"

"இதைப்போல பத்து!" லூசியா கைகளை அகல விரிக்க வளையல்கள் கிலுங்குகின்றன. உயரமான கட்டடத்தில் ஏறி நின்றால், கண் எட்டும் மட்டும் ஊர்தானாம், முடிவே தெரியாதாம். "அட, உவன் ராசா மாதிரியெல்லோ இருக்கிறான்!" என்று தவமலர் தமிழிலேயே சொல்லிவிடுகிறாள். முகம் மலர்ந்து, பிறகு மெல்ல அடங்குகிறது. அவன் அங்கே அந்த ஊர்க்காரி ஒருத்தியைக் கட்டி மூன்று வருஷம். அந்தப் பெண் அனுப்பிய கல்யாணப் படத்துக்கு இவள் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை.

"லூசியா, தம்பியின் மனைவியை உங்கட பாஷையில் எப்படிக் கூப்பிடுறது?"

"குன்யாடா."

தவமலர் வரைபடத்தைப் பார்த்தபடி, அந்தப் பெண் எதிரே நிற்பதுபோல, மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.