கலங்கல் நீர்

சின்னசாமியின் வயிற்றிலிருந்து காலையில் ஊசியால் எடுத்த நீர் அது. சின்ன டாக்டர் தேவகி குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அரிசி கழுவிய தண்ணீர் போல லேசான கலங்கல்.

“ஈரல் கெட்டவனுக்கு வயித்துல தண்ணி நிக்கத்தான் செய்யும். காய்ச்சல் இல்ல, வலியும் ஜாஸ்தி இல்ல. வீட்டுக்கு அனுப்பும்மா” என்றார் பெரிய டாக்டர் வேதாசலம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். பார்த்த இடமெல்லாம் சீழ் அணுக்கள். கிருமிதான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முந்தாநாள் எடுத்த நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்திருந்தாள். அதிலும் ஒன்றும் முளைக்கவில்லை. அதையெல்லாம் சொல்லி, புது மாத்திரை கேட்டாள்.

“கிருமியைக் காட்டு. மாத்திரை தர்றேன்.”

கிருமிக்கு எமன் என்று பேர் வாங்கிய புது மாத்திரை. மதராஸிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மொத்தமே ஒரு டப்பா. அதுவும் அவர் பீரோவில்.

தேவகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று வெளியேறினாள்.

வார்டில் சின்னசாமி கிடந்தான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்ற கால்கள் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் பானை.

அவன் மனைவி கண்ணம்மாள் ஓடி வந்தாள். “டாக்டரம்மா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசினாரு. இப்ப என்னையே யாருன்னு கேக்குறாரு. இன்னா ஆச்சு அவருக்கு?”

தேவகி நேரே பழைய காகிதங்கள் இருக்கும் அறைக்குப் போனாள். தேட வேண்டியிருக்கவில்லை. எந்தக் கட்டு, எத்தனையாவது தாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

இரண்டு தாள்களை வேதாசலத்தின் மேசையில் வைத்தாள். போன வருஷத்துத் தாள்கள். அவர் மாற்றலாகி வருவதற்கு முன்பு நடந்தது.

பெயர் ரத்தினசாமி, ஊர் பள்ளிகொண்டா. இதே ஈரல், இதே கலங்கல். ‘காய்ச்சல் இல்லை. வீட்டுக்கு அனுப்பலாம்’ என்றது முதல் தாள். மூன்றாம் நாள் மாட்டுவண்டியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே உயிர் போயிருந்தது. அறுத்துப் பார்த்ததில் வயிறு நெடுகச் சீழ் என்றது இரண்டாம் தாள்.

வேதாசலம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்த மடையன் இவனை அனுப்பினது?”

“கீழே கையெழுத்து இருக்கு, சார்.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து கையெழுத்தைப் படித்தார்.

நிமிர்ந்து தேவகியைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

பீரோ சாவியை எடுத்து நீட்டினார்.