மாற்றிப் பிடி

"மாத்திப் பிடிங்க" என்றார் நடுவரம்மா.

அவ்வளவுதான், தொலைந்தேன் என்று நினைத்தேன்.

மரத்தூள் பரப்பிய வளையத்துக்குள் பதினொரு பேராக நுழைந்தோம். ஒவ்வொருவராகக் கழித்துவிட்டுக் கடைசியில் என்னையும் டெஸ்ஸாவையும் மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். இருவருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. ஆளுக்கு ஒரு கிடாரி.

இது மாட்டுக்கான போட்டி இல்லை, மாட்டைப் பிடித்து நடத்துகிறவருக்கான போட்டி. ஜெயிக்கிறவர் ஆகஸ்டில் மாநிலக் கண்காட்சிக்குப் போகலாம். எங்கள் மாவட்டக் கண்காட்சியில் மூன்று வருடமாக நான் இரண்டாம் இடம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தூக்கத்தில்கூட முதலிடத்துக்குத் தரும் அந்த ஊதா ரிப்பன்தான் வந்தது.

கடைசி இரண்டு பேரை மாற்றிப் பிடிக்கச் சொல்வது வழக்கம்தான். என் கிடாரியை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கிடாரியை நான் ஒரு சுற்று நடத்த வேண்டும். யாருக்கு உண்மையில் கைவருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

நான் பயந்ததற்குக் காரணம் டெஸ்ஸாவின் கிடாரி. பெயர் ராக்கெட்.

டெஸ்ஸா பல் டாக்டரின் மகள். டவுனில் வீடு, மாடு கிடையாது. எங்கள் பண்ணையிலிருந்து ஒரு கிடாரியை இந்தக் கோடைக்கு அவளுக்குக் கொடுப்போம் என்றார் அப்பா. எதைக் கொடுப்பது என்பதை என்னிடம் விட்டுவிட்டார். நான் டாஃபியை எனக்கு வைத்துக்கொண்டு ராக்கெட்டை அவள் தலையில் கட்டினேன். இரண்டு தடவை என்னைச் சாணிக்குழி வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போன கிடாரி அது. நான் ஒன்றும் உத்தமி இல்லை.

ஜூன் முழுக்க டெஸ்ஸா முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தாள். விழுவாள், எழுந்திருப்பாள், மறுபடி கயிற்றைப் பிடிப்பாள். நான் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

டாஃபியோ பரம சாது. நான் எங்கே போனாலும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே பெருமை.

டெஸ்ஸா கயிற்றை நீட்டினாள்.

"இழுத்துடாதடி. அவகூட நட, போதும்."

"எனக்கேவா சொல்லித் தர்ற?" என்றேன்.

வெள்ளைக் கால்சட்டை போச்சு என்று நினைத்தபடி ஓர் அடி வைத்தேன். ராக்கெட்டும் ஓர் அடி வைத்தது.

நான் நின்றால் நின்றது. நகர்ந்தால் நகர்ந்தது. தோளில் ஒரு விரலை வைத்ததும் பின்னங்காலைச் சரியாகப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, மகாராணி மாதிரி நின்றது. இது ராக்கெட்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கூட்டத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அப்படித்தான்டி என் தங்கமே! அந்த ராட்சசியையே அடக்கிட்டா பாருங்க!"

வளையத்தின் மறுபக்கம் டாஃபி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தது. டெஸ்ஸா தட்டிக் கொடுத்துப் பார்த்தாள், கழுத்தைச் சொறிந்து பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ம்ஹூம். அதன் கண் என் பக்கமே இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெஸ்ஸாவின் முகம் சிவந்துவிட்டது. பாவம், அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடுவரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"மூணே நிமிஷத்துல இத வசப்படுத்திட்டியே!" என்று கையை நீட்டினார்.

நடுவர் கை கொடுத்தால் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். நான் அந்தக் கையைப் பிடித்தால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

டெஸ்ஸாவைப் பார்த்தேன். அவள் முறைத்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கையைக் கொடுத்திருப்பேன். அவளோ நிறைந்த கண்ணோடு எனக்காகச் சிரித்தாள், பைத்தியம்.

"நான் ஒண்ணுமே பண்ணல மேடம். ராக்கெட்ட இப்படிப் பழக்கினது அவதான்."

நடுவரம்மா நீட்டிய கையை இறக்கினார். "அப்போ அந்தச் சாதுவ ஏன் அவளால ஒரு அடி நகர்த்த முடியல?"

நான் கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் கவிழ்த்தேன்.

வெல்லப்பாகு பிசறிய ஓட்ஸ். ஒரு கைப்பிடி இருக்கும், மரத்தூள் மேல் பொலபொலவென்று கொட்டியது. மே மாதத்திலிருந்து தினமும் ஒரு பை.

டாஃபி பாய்ந்து வந்தது. கயிற்றை விடாமல் பிடித்திருந்த டெஸ்ஸாவும் கூடவே இழுபட்டு வந்தாள். கூட்டமே கொல்லென்று சிரித்தது. அப்பா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நான்காவது தடவையாக இரண்டாம் இடம், ஆனாலும் அப்பாடா என்றிருந்தது.

டாஃபி குனிந்து கடைசிப் பொட்டு வரை நக்கித் தின்றது. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.